வார நாளில் கூலி, ஞாயிறன்று பிரசங்கம்

ஆறு நாளும் ஆபீஸ் அல்லது ஆலை. ஏழாம் நாள் பிரசங்க பீடம். மெதடிஸ்ட் திருச்சபையில் இப்படிப்பட்டவர்களுக்கு ‘உள்ளூர்ப் பிரசங்கி’ என்று பெயர். குருப்பட்டம் இல்லை; சம்பளமும் கிடையாது. ஆனாலும் நினைத்தவரெல்லாம் பீடம் ஏறிவிட முடியாது.

பிரசங்கிகளைத் தேர்ந்தெடுக்கும் அளவுகோலை 1746-ம் ஆண்டு மாநாட்டிலேயே ஜான் வெஸ்லி வகுத்துவிட்டார். கேள்விகள் மூன்றுதான்: இவர் கடவுளை அறிந்தவரா? பேசும் வரம் பெற்றவரா? இவர் பேச்சைக் கேட்டு யாராவது மனந்திரும்பியது உண்டா?

பிரிட்டனில் இன்றும் சோதனை கடுமைதான். ஆர்வமுள்ளவர் முதலில் அனுபவசாலி ஒருவருடன் சென்று பழக வேண்டும். பிறகு படிப்பும் சோதனைக் காலமும். அவர் நடத்தும் ஆராதனையில் மற்றவர்கள் அமர்ந்து கேட்டு, நிறைகுறைகளை எழுதித் தருவார்கள். வட்டாரப் பிரசங்கிகளின் கூட்டத்தில் நேருக்கு நேர் கேள்விகள் உண்டு. கேட்பவர்களில் பலர் அவரைப் போலவே வேலைக்குப் போகிறவர்கள். அவர்கள் திருப்தியடைந்தால்தான் சபை முன்னிலையில் அவர் அங்கீகரிக்கப்படுவார்.

இப்படிப் பீடம் ஏறியவர்களில் ஒருவர் ஜார்ஜ் லவ்லெஸ். இங்கிலாந்தின் டால்பட்டில் கிராமத்துப் பண்ணைக் கூலி. கூலி குறைந்தபோது தோழர்களைச் சேர்த்துச் சங்கம் அமைத்தார். சட்டவிரோதமாகச் சத்தியம் செய்வித்ததாக 1834-ல் அறுவருக்கு ஏழாண்டு நாடு கடத்தல் தண்டனை கிடைத்தது. மக்கள் கொதித்தெழவே, 1836-ல் மன்னிப்பு வந்தது.

பீடத்தில் பேசிப் பழகிய நாக்கு, சக தொழிலாளியின் வயிற்றுக்காகவும் பேசியது!