உங்களுக்குத் தெரியுமா? கடைக்குள் நம் மனம்

சூப்பர் மார்க்கெட்டில் நாம் தள்ளிக்கொண்டு போகும் வண்டி 1937-இல் வந்தது. கைக்கூடை கனத்தால் ஜனங்கள் வாங்குவதை நிறுத்திவிடுகிறார்கள் என்று கவனித்து, அமெரிக்காவின் ஓக்லஹோமா சிட்டியில் கடை வைத்திருந்த சில்வன் கோல்ட்மேன் செய்த ஏற்பாடு. முதலில் யாரும் அதைத் தொடவில்லை. சம்பளத்துக்கு ஆள் வைத்து, வாடிக்கையாளர்போல் வண்டி தள்ளிக்கொண்டு நடக்க வைத்தார். அதைப் பார்த்த பிறகுதான் மற்றவர்களுக்குத் தயக்கம் விட்டது.

*

பிரிட்டனில் ஒரு சூப்பர் மார்க்கெட்டின் ஒயின் அலமாரி அருகே ஒருநாள் பிரெஞ்சு இசை, மறுநாள் ஜெர்மன் இசை என்று மாற்றி மாற்றி ஒலிக்கவிட்டார்கள். எந்த நாட்டு இசையோ அந்த நாட்டு ஒயின் கூடுதலாக விற்றது. இசைதான் காரணமா என்று வாங்கியவர்களைக் கேட்டால், ஆமாம் என்றவர்கள் மிகச் சிலரே. 1997-இல் வெளியான ஆய்வு இது.

*

உளவியலாளர்கள் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் டேனியல் கானெமனும் 1974-இல் எழுதிய சோதனை என்னை இன்னும் வியக்க வைக்கிறது. 0 முதல் 100 வரை எண் போட்ட சக்கரத்தைச் சுழற்றினார்கள். அது 10-இல் அல்லது 65-இல் மட்டுமே நிற்கும்படி முன்பே செய்துவைத்திருந்தார்கள். பிறகு கேள்வி: ஐ.நா. உறுப்பு நாடுகளில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம்? 10-ஐப் பார்த்தவர்களின் இடைநிலை விடை 25. 65-ஐப் பார்த்தவர்களுடையது 45. சம்பந்தமே இல்லாத எண்ணுக்கே இவ்வளவு பலம் என்றால், ரூ.2,999-ஐ அடித்துவிட்டு ரூ.1,499 என்று எழுதிய அட்டைக்கு எவ்வளவு இருக்கும்!

பெரியவர்களுக்கு வகுப்பெடுப்பவர்கள் இதைச் செய்துபார்க்கலாம். வரையறை சொல்லித் தொடங்க வேண்டாம். வகுப்பை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குச் சின்ன எண், மறுபாதிக்குப் பெரிய எண் எழுதிய சீட்டைக் கொடுங்கள். பிறகு ஒரே பொருளின் விலையை மதிப்பிடச் சொல்லி, விடைகளைப் பலகையில் எழுதுங்கள். ‘என்னை யாரும் ஏமாற்ற முடியாது’ என்ற உறுதியோடு வந்து உட்காருபவர்களை, எந்த விளக்கத்தையும்விட அவர்கள் சொன்ன விடையே யோசிக்க வைக்கும்.

*

24 வகை ஜாம் வைத்தபோது நின்று பார்த்தவர்களில் 3 சதவீதம் பேர் வாங்கினார்கள். 6 வகை வைத்தபோது 30 சதவீதம். கலிஃபோர்னியக் கடையில் ஷீனா ஐயங்காரும் மார்க் லெப்பரும் நடத்தி, 2000-இல் வெளியிட்ட இந்த ஆய்வைச் சொல்லாத வகுப்பே இல்லை. ஆனால், இதேபோன்ற 50 சோதனைகளை 2010-இல் சேர்த்துப் பார்த்தபோது, சராசரி விளைவு ஏறக்குறைய பூஜ்யம். இதையும் சேர்த்தே சொல்லிக்கொடுக்க வேண்டும்.

*

கார் கழுவும் நிலையமொன்றில் சிலருக்கு 8 முத்திரை சேர்த்தால் சலுகை தரும் அட்டை. சிலருக்கு 10 முத்திரை அட்டை, அதில் 2 முன்பே குத்தியது. இருவருக்கும் பாக்கி எட்டுதான். முதல் வகையை முடித்தவர்கள் 19 சதவீதம், இரண்டாவதை முடித்தவர்கள் 34 சதவீதம்.

*

இணையக் கடைகளில் கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பது, ‘இன்னும் 2 மட்டுமே’ என்று பொய்யாக அவசரப்படுத்துவது, வேண்டாம் என்பவரைக் குற்ற உணர்வில் தள்ளுவது உள்ளிட்ட 13 ‘டார்க் பேட்டர்ன்’ (ஏமாற்று வடிவமைப்பு) உத்திகளை மத்திய அரசு 2023 நவம்பர் 30 அன்று தடை செய்தது. கண்ணில் பட்டால் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம்.