திருச்சியா, தஞ்சாவூரா?

“தஞ்சாவூர்தான்!” என்கிறார் பெரியப்பா.

“திருச்சிதான். அதிலும் ஸ்ரீரங்கம்!” என்கிறாள் பெரியம்மா.

ஆறு மாத காலமாகச் சென்னையில் எங்கள் பெரியப்பா வீட்டில் நடக்கிற சம்பாஷணை இது. காபி ஆறிப் போவதுதான் மிச்சம். பெரியப்பாவுக்கு எழுபது வயது. பெரியம்மாவுக்கு அறுபத்தாறு. ஒரே பிள்ளை சிங்கப்பூரில் இருக்கிறான். இருபது வருஷமாகக் குடியிருந்த வாடகை வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டப் போவதாக வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். பென்ஷன் பணத்தில் சென்னையிலேயே வேறு வீடு பார்க்க முடியாது. சரி, எங்கே போவது?

நான் ஆசிரியரிடம் நாலு நாள் லீவு கேட்டேன். காரணத்தைக் கேட்டவர், “லீவு எதற்கு? அவர்களோடு போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள். நம் வாசகர்களில் பாதிப் பேர் வீட்டில் இந்தச் சண்டைதானே நடக்கிறது!” என்றார். ஆக, பெரியப்பா, பெரியம்மா, நான் என்று மூன்று பேராக ராத்திரி ரயில் ஏறினோம். ஆடி மாதத்து முதல் வாரம்.

இரண்டு ஊருக்கும் நடுவே ரயில் பாதை சுமார் ஐம்பது கிலோமீட்டர்தான். ஒரே காவிரி, ஒரே வெயில், ஒரே சாம்பார். இருந்தும் குணத்தில் அக்கா தங்கை மாதிரி அவ்வளவு வித்தியாசம். 2011 ஜனத்தொகைக் கணக்கில் திருச்சி மாநகராட்சியில் 8,47,387 பேர்; தஞ்சாவூரில் 2,22,943 பேர். திருச்சி 1994-ல் மாநகராட்சி ஆயிற்று. தஞ்சாவூருக்கு அந்தப் பட்டம் கிடைக்க 2014 வரை பொறுத்திருக்க வேண்டி வந்தது. பட்டம் கிடைத்த பிறகும் தஞ்சாவூர் அவசரப்பட ஆரம்பித்ததாகத் தெரியவில்லை.

திருச்சியைப் பிழைப்பு வளர்த்தது என்று சொல்ல வேண்டும். 1928-ல் நாகப்பட்டினத்து ரயில்வே தொழிற்சாலை பொன்மலைக்கு வந்தது. 1964-ல் துவாக்குடியில் பொறியியல் கல்லூரி, அடுத்த வருஷம் ‘பெல்’ கொதிகலன் தொழிற்சாலை. அதைச் சுற்றிச் சின்னச் சின்னப் பட்டறைகள். எந்தத் தெருவில் கேட்டாலும் யாராவது ஒருவர் பொன்மலையிலோ ‘பெல்’லிலோ வேலை பார்த்தவராக இருப்பார். ஆகவே இங்கே யாரும் யாரையும் “நீங்கள் எந்த ஊர்?” என்று விசாரிப்பதில்லை. பாதிப் பேர் வெளியூர்! வந்தவர்களுக்கு இடம் கொடுக்கிற ஊர் இது. இந்த விஷயத்தை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். பெரியம்மாவின் வழக்குக்கு இது பின்னால் தேவைப்படும்.

விடியற்காலையில் ஸ்ரீரங்கம் ஸ்டேஷனிலேயே இறங்கிவிட்டோம். 1987-ல் பூர்த்தியான 236 அடி ராஜகோபுரம் பனி மூட்டத்தில் பாதி தெரிந்தது. பெரியம்மா அதைப் பார்த்துக் கை கூப்பிய கையோடு, தரையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். “பாத்தியாடி, தெரு எவ்வளவு சமமா இருக்கு! மேடும் பள்ளமும் இல்லே. முட்டிக்கால் வலிக்காரிக்கு இதுதான் முதல் சௌகரியம்” என்றாள். வாஸ்தவம்தான். கோயிலின் வெளிச் சுற்றுகளிலேயே ஜனங்கள் குடியிருக்கிற ஊர் அல்லவா? உத்தர வீதியிலும் சித்திரை வீதியிலும் மருந்துக் கடை, காய்கறி, பூ, தபாலாபீஸ் எல்லாம் நடந்து போகிற தூரம். திண்ணைகளில் பெரியம்மா வயசுப் பெண்மணிகள் கறிகாய் நறுக்கிக் கொண்டே ஊர் நடப்பைப் பேசிக் கொண்டிருந்தார்கள்.

ஒரு தரகர் வீடு காட்டினார். நல்ல வீடு. விலையைப் பேசும்போது பெரியப்பா மெதுவாக, “அடிமனை யாருடையது?” என்று கேட்டார். தரகர் முகம் சற்றே வாடிற்று. ஸ்ரீரங்கத்தில் வீடு வாங்க நினைக்கிறவர்கள் முதலில் கற்றுக்கொள்ள வேண்டிய வார்த்தை அது. சுவரும் கூரையும் நமக்குச் சொந்தம். கீழே உள்ள மண் கோயிலுக்குச் சொந்தம் என்ற தகராறு பல தெருக்களில் வெகு காலமாக நீடிக்கிறது. பத்திரப் பதிவில் தடங்கல் வருகிறது. பிரமாதமான வீடாயிற்றே என்று முன்பணம் கொடுத்துவிட்டுப் பிறகு வக்கீல் வீட்டுக்கு அலையக் கூடாது. பெரியப்பாவுக்கு ஏக சந்தோஷம். “தஞ்சாவூர்லே இந்தத் தொந்தரவெல்லாம் இல்லே” என்றார்.

அவருக்கு இன்னொரு ஆயுதமும் கிடைத்தது. ஸ்ரீரங்கம் ஒரு தீவு. தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம். திருச்சியின் பெரிய ஆஸ்பத்திரிகள் எல்லாம் காவிரிக்கு அக்கரையில். 1976-ல் கட்டிய காவிரிப் பாலத்தைப் பழுது பார்ப்பதற்காக 2022 செப்டம்பரில் மூடினார்கள். 2023 மார்ச்சில்தான் திறந்தார்கள். அத்தனை மாதமும் பஸ்ஸும் காரும் நெடுஞ்சாலைப் பாலத்து வழியாகச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது. “நடு ராத்திரி நெஞ்சு வலின்னா என்ன பண்ணுவே?” என்றார் பெரியப்பா. பெரியம்மா பதில் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கே ஸ்ரீரங்கத்தில் உள்ள அரசு ஆஸ்பத்திரியை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். ராத்திரி டாக்டர் உண்டா என்று மூன்று பேரிடம் விசாரித்தாள்.

மறுநாள் காவிரியைத் தாண்டி ஊருக்குள் போனோம். மலைக்கோட்டையின் நானூற்றுச் சொச்சம் படிகளை நான் மட்டும் ஏறினேன். அவர்கள் தெப்பக்குளத்துக் கடைகளைச் சுற்றினார்கள். திருச்சியில் சாமான் வாங்குவது ஒரு சுகம். எதைக் கேட்டாலும் கிடைக்கும், நாலு கடை ஏறி விசாரிக்கலாம். காந்தி மார்க்கெட் பக்கம் மட்டும் கைக்குழந்தையோடு போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: போகாதீர்கள்! லாரியும் மூட்டையும் மனிதர்களும் ஒரே சமயத்தில் ஒரே இடத்தில் இருக்க முடியும் என்பதை அங்கேதான் கண்டேன். வெளியூர் பஸ் பிடிக்க வேண்டுமானால் 2025-ல் திறந்த பஞ்சப்பூர் நிலையத்துக்குப் போக வேண்டும். இடம் விசாலம்; ஆனால் பழைய மத்திய பஸ் நிலையம் மாதிரி ஊருக்கு நடுவில் இல்லை.

மூன்றாம் நாள் காலை தஞ்சாவூர் ரயில். திருவெறும்பூர் தாண்டிப் பூதலூர் வருவதற்குள் ஜன்னலுக்கு வெளியே நிறம் மாறிவிட்டது. வாய்க்கால், நாற்றங்கால், தென்னை. பெரியப்பாவின் முகமும் மாறிவிட்டது. ஆலக்குடி வந்ததுமே பையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார், பள்ளிக்கூடப் பையன் மாதிரி!

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்குத் தஞ்சாவூர்தான் பிடித்தது. ஸ்டேஷனிலிருந்து பெரிய கோயில், புதாறு, தெற்கு வீதி, அரண்மனை, சரஸ்வதி மகால் எல்லாம் ஒரு காலை நடைக்குள் அடங்கிவிடுகின்றன. புதாறு என்று ஊரார் செல்லமாகச் சொல்வது 1934-ல் திறந்த கல்லணைக் கால்வாயைத்தான். ஆடி மாதமானதால் இரு கரையும் தொட்டுக்கொண்டு தண்ணீர் போயிற்று. இர்வின் பாலத்தின் மேல் நின்று அதைப் பார்த்துக் கொண்டே இருக்கலாம். பெரியம்மா மட்டும் பூக்காரியிடம், “சித்திரையிலே இது எப்படி இருக்கும்?” என்று கேட்டாள். “மணல்தாம்மா” என்றாள் பூக்காரி. அவளிடம் ஒரு முழம் கதம்பம் வாங்கினோம். மரிக்கொழுந்து வாசனை ரயில் ஏறும் வரை கூட வந்தது. அந்தக் கதம்பத்துக்கு ஈடாகத் திருச்சியில் ஒன்றும் இல்லை என்று பெரியம்மாவே ஒப்புக்கொண்டாள்.

வைத்திய விஷயத்தில் தஞ்சாவூருக்கு ஒரு பெருமை உண்டு. சர்க்கார் மருத்துவக் கல்லூரி இங்கே 1958-லேயே வந்துவிட்டது. தன்னை விட எத்தனையோ பெரிய ஊராகிய திருச்சிக்கு அது வந்தது 1997-ல்தான்! நடுவில் நாற்பது வருஷம் டெல்டா ஜனங்கள் பெரிய வியாதி என்றால் தஞ்சாவூருக்குத்தான் வண்டி கட்டினார்கள். அதற்கு ஈடாகத் தஞ்சாவூர்க்காரர்கள் சிங்கப்பூர் விமானத்துக்குத் திருச்சிக்குப் போகிறார்கள். 2024-ல் அங்கே புது முனையமும் வந்துவிட்டது. தஞ்சாவூரிலிருந்து காரில் சுமார் ஒரு மணி நேரம். ஆகவே, பிள்ளை வந்து போக எது சௌகரியம் என்ற கேள்வியில் இரண்டு ஊருக்கும் அதிக வித்தியாசமில்லை. அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் அம்மிக்கல்லை இரவல் வாங்கிக் கொள்வது போல இந்த இரண்டு ஊரும் ஒன்றின் சௌகரியத்தை மற்றொன்று அனுபவிக்கின்றன. வீட்டுச் சண்டைகளில் யாரும் இதை யோசிப்பதில்லை.

தெற்கு வீதியில் பெரியப்பாவை மூன்று பேர் அடையாளம் கண்டுகொண்டார்கள். அதில் ஒருவர் அவரைச் சின்ன வயசுப் பட்டப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். (அந்தப் பெயரை இங்கே எழுத எனக்கு அனுமதி இல்லை.) ஒருவர் வீட்டில் காபி, ஒருவர் வீட்டில் சாப்பாடு. மேல வீதிக்குப் பக்கத்தில் சொற்ப வாடகைக்கு ஒரு வீடும் அகப்பட்டது. கிணறு, முற்றம், பின்னால் ஒரு முருங்கை மரம். வழக்கு தீர்ந்துவிட்டது என்றே நினைத்தேன்.

அன்று மாலை பெரிய கோயில் பிராகாரத்துப் புல்தரையில் உட்கார்ந்திருந்தோம். குழந்தைகள் ஓடி விளையாடின. கோபுரத்துக் கல் மஞ்சளாகிச் சிவந்து கொண்டிருந்தது.

“உன் பெருமாளை விட்டுட்டு வர மனசில்லையா?” என்று பெரியப்பா சமாதானமாகக் கேட்டார்.

“பெருமாளுக்காகவா ஸ்ரீரங்கம் கேட்டேன்?” என்றாள் பெரியம்மா. கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு என்னைப் பார்த்துச் சொல்வது போல அவருக்குச் சொன்னாள்: “இன்னிக்கு மூணு வீட்டுக்குப் போனோம். மூணு வீட்லேயும் இவருக்கு மரியாதை. என்னை ‘இவர் வீட்டுக்காரம்மா’ன்னு சொன்னாங்க. என் பேரை யாரும் கேக்கலே. தப்பு இல்லே, இது இவர் ஊரு. இவருக்கு என்னைவிட நாலு வயசு ஜாஸ்தி. நாளைக்கு இவர் இல்லேன்னா, யார் வீட்டுக்காரின்னு சொல்லிண்டு நான் இந்தத் தெருவிலே நடப்பேன்? அங்கே திண்ணையிலே உக்காந்திருந்தாங்களே, அவங்களும் எங்கேயோ இருந்து வந்தவங்கதான். பாதிப் பேர் தனியா இருக்கிறவங்க. என்னைப் பாத்ததும் ‘உங்க பேர் என்னம்மா?’ன்னுதான் முதல்லே கேட்டாங்க.”

பெரியப்பா புல்லைப் பிடுங்கிக் கொண்டிருந்தார். ரொம்ப நேரம் கழித்து, “சரி, எனக்கு முன்னாலே நீ போயிட்டா?” என்றார்.

“அப்ப நீங்க இங்கே ரயில் ஏறி வந்துடுங்க. தூரமா என்ன? உங்களுக்குத்தான் கூப்பிட்டுச் சோறு போட ஊரே இருக்கே!”

எனக்குச் சிரிப்பும் வந்தது, தொண்டையும் அடைத்தது. நான் கொண்டு போயிருந்த நோட்டில் வாடகை, தண்ணீர், ஆஸ்பத்திரி, பஸ் என்று கட்டம் போட்டு இரண்டு ஊருக்கும் மார்க் போட்டு வைத்திருந்தேன். பெரியம்மா சொன்ன விஷயத்துக்கு அதில் கட்டமே இல்லை. ஊர் மாறப் போகிற தம்பதிகள், இருவரும் சேர்ந்து இருக்கும் நாளைத்தான் கணக்குப் போடுகிறார்கள். ஒருவர் மட்டும் இருக்கப் போகும் நாள் என்று ஒன்று உண்டே!

முடிவு இதுதான். ஸ்ரீரங்கத்தில் வீடு வாங்கவில்லை. அடிமனைத் தகராறு பெரியப்பாவுக்குச் சாதகமாகத்தான் தீர்ப்பாயிற்று. சித்திரை வீதிக்குப் பக்கத்தில் தரைத் தளமாகப் பார்த்து, பதினொரு மாத ஒப்பந்தத்தில் வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள். வாசலில் திண்ணை உண்டு. குடித்தனம் போன அன்று பால் காய்ச்சுவதற்குள் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் ரசப்பொடி வந்துவிட்டது.

பெரியப்பா செய்த முதல் காரியம், தஞ்சாவூர் போகிற ரயில்களின் நேரத்தை எல்லாம் ஒரு தாளில் எழுதிக் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டியது. வாரம் ஒரு நாள் காலையில் போவார், சாயங்காலம் திரும்பிவிடுவார். வாசலில் செருப்பைப் போடும்போது உள்ளேயிருந்து பெரியம்மாவின் குரல் வரும்:

“வரும்போது கதம்பம் வாங்கிண்டு வாங்க. ஒரு முழம் போறாது. திண்ணையிலே அஞ்சு பேர் இருக்கோம்!”