சளி, இருமல்: டானிக் வாங்கும் முன் மூச்சை எண்ணுங்கள்



ஐப்பசி மழை பிடித்துவிட்டால் பழவேற்காட்டைச் சுற்றியுள்ள குப்பங்களில் சளி, காய்ச்சல் இல்லாத வீடு குறைவு. பிள்ளை இரண்டு முறை இருமினாலே மெடிக்கலுக்குப் போய் டானிக் வாங்குகிறோம். அது தேவையா?

2025 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மத்தியப் பிரதேசம் சிந்த்வாரா பகுதியில், 'கோல்ட்ரிஃப்' என்ற இருமல் மருந்து குடித்த இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தனர். மருந்து தயாரானது நம் மாநிலத்தில், காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில். சோதனையில் அதில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு இருந்தது தெரிந்தது. தமிழக அரசு அதன் விற்பனைக்குத் தடை விதித்தது. சளி, இருமல் மருந்துகளை இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் தரக்கூடாது, ஐந்து வயது வரை பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை என்று மத்திய சுகாதாரத் துறையும் அறிவித்தது.

சளி பெரும்பாலும் வைரஸால் வருவது. ஒரு வாரம், பத்து நாளில் தானே அடங்கும். இருமல் மட்டும் சற்று நீடிக்கலாம். ஆண்டிபயாடிக் மாத்திரை வைரஸைக் கொல்லாது. இதைக் கண்டறிய ரத்தப் பரிசோதனையோ எக்ஸ்ரேயோ பெரும்பாலும் வேண்டாம். மருத்துவர் தொண்டை, காது, நெஞ்சு பார்த்தே சொல்லிவிடுவார்.

மூக்கொழுகலும் இருமலும் இல்லாமல், காய்ச்சலோடு கடும் தொண்டை வலி, தொண்டையில் வெள்ளைப் படலம், கழுத்தில் வலிக்கும் நெறி இருந்தால் அது பாக்டீரியாவாக இருக்கலாம். பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு இதைக் கவனிக்காமல் விட்டால், பின்னாளில் இதய வால்வைப் பாதிக்கும் ருமாட்டிக் காய்ச்சல் வரக்கூடும். இதற்கு மருத்துவர் தரும் ஆண்டிபயாடிக்கைப் பாதியில் நிறுத்தாதீர்கள்.

சளி நெஞ்சுக்கு இறங்கிவிட்டதா என்பதை வீட்டிலேயே பார்க்கலாம். பிள்ளை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கி, ஒரு நிமிடம் முழுக்க மூச்சை எண்ணுங்கள்.

• 2 மாதத்துக்குள்: 60 அல்லது அதற்கு மேல்
• 2 மாதம் முதல் 1 வயதுக்குள்: 50 அல்லது அதற்கு மேல்
• 1 முதல் 5 வயதுக்குள்: 40 அல்லது அதற்கு மேல்

இப்படி இருந்தால் நிமோனியாவாக இருக்கலாம். அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால், பால் குடிக்காவிட்டால், உதடு நீலம் பாய்ந்தால், எழுப்ப முடியாமல் துவண்டு கிடந்தால் உடனே 108-ஐ அழையுங்கள். படகில் வந்து கரையேற வேண்டிய ஊர்க்காரர்கள் இருட்டும் வரை காத்திருக்க வேண்டாம்.

மற்றபடி தாய்ப்பால், வெதுவெதுப்பான கஞ்சி, ஓய்வு, காய்ச்சலுக்கு மருத்துவர் சொன்ன அளவில் பாராசிட்டமால் போதும். ஒரு வயது தாண்டிய பிள்ளைக்குத் தேன் கொடுக்கலாம்; அதற்கு முன் கூடாது. கொதிநீர் ஆவி பிடிக்க வைக்காதீர்கள், சுட்டுவிடும். விறகடுப்புப் புகை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரியவர்களுக்கு இரண்டு வாரம் தாண்டியும் இருமல் இருந்தால், தொழிலுக்குப் போகும் அவசரத்தில் தள்ளிப்போடாமல் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். காசநோய்க்கான பரிசோதனையும் சிகிச்சையும் அங்கே இலவசம்.

60, 50, 40: இந்த மூன்று எண்களையும் அண்டை வீட்டுத் தாய்மார்களுக்கும் சொல்லுங்கள்.