ஐந்து அளவைகளும் ஒரு சம்மதமும்

நூல் இருப்பும் பயிர்க்கடனும் பேசும் இவ்விதழில் நோயைப் பற்றிய கட்டுரை எதற்கு என்று அங்கத்தினர்கள் வினவக்கூடும். தவணை தவறிய கணக்குகளை ஆராயுமிடத்து, அவற்றுட் பலவற்றின் பின்னால் ஒரு நோயாளி இருப்பதை நாம் கண்டு வருகிறோம். ஆகவே இவ்விஷயம் நமக்கு அந்நியமானதன்று.

பம்மலுக்குச் சில மைல் தொலைவில், தாம்பரத்தில், 1928-ஆம் ஆண்டு டாக்டர் சௌரி முத்து காசநோயாளருக்கென ஓர் ஆரோக்கிய நிலையத்தை நிறுவினார். 1937-இல் அரசாங்கம் அதனை ஏற்றது. சானடோரியம் என்ற ரயில் நிலையப் பெயர் அந்த வரலாற்றை இன்றும் நினைவூட்டுகிறது. மருந்து இல்லாத அந்நாளில் நல்ல காற்றும் ஓய்வும் உணவுமே சிகிச்சையாயிருந்தன. 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை ஆராய்ச்சி நிலையம், ஒழுங்காக மருந்துண்டால் வீட்டிலிருந்தே குணமடையலாம் என்பதை 1959-இல் வெளியான ஆய்வினால் உலகுக்குக் காட்டிற்று. அதன் பயனாகவே இன்று பெரும்பாலான நோயாளர் வீட்டிலிருந்தே மருந்துண்கின்றனர்.

எனினும் சிலர் வீட்டில் இருக்கத் தக்கவரல்லர். காசநோய் மரணங்களிற் பெரும்பகுதி சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதங்களுக்குள்ளேயே நிகழ்கின்றன. அபாயத்திலிருப்பவர் எவர் என்று முதல் நாளிலேயே அறிவது எங்ஙனம்? தமிழக அரசு, சென்னையிலுள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனத்தின் துணையுடன், காசநோய் இறப்பில்லாத் திட்டத்தை 2022-இல் தொடங்கியது இதற்காகவே.

அதன் முறை எளியது. உயரத்துக்கேற்ற எடை, கால் வீக்கம், ஒரு நிமிஷத்தில் விடும் மூச்சின் எண்ணிக்கை, இரத்தத்திலுள்ள பிராணவாயுவின் அளவு, பிறர் உதவியின்றி நிற்க இயலுமா என்பது ஆகிய ஐந்தையும் சுகாதார ஊழியர் பார்க்கிறார். 160 சென்டிமீட்டர் உயரமுள்ளவர் சுமார் 36 கிலோவுக்கு மேற்படாதிருந்தாலும், கால் வீக்கத்துடன் 41 கிலோவுக்கு மேற்படாதிருந்தாலும், மூச்சு 24-ஐ மிஞ்சினாலும், பிராணவாயு 94 சதவீதத்துக்குக் குறைந்தாலும், தாமாக நிற்க முடியாவிட்டாலும், தாமதமின்றி மருத்துவமனையில் சேர்க்க வேண்டியவராகக் கருதப்படுகிறார். இவ்விவரங்கள் ‘டிபி சேவா’ என்னும் வலைச் செயலியில் பதிவாகின்றன. 2025-இல், ஒருவருக்கு மரண அபாயம் நூற்றுக்கு எவ்வளவு என்று கணித்துச் சொல்லும் வசதியும் அதனுடன் சேர்ந்தது. நோய் கடுமையானவர்க்கு அது 10 முதல் 50 வரை. ஏனையோர்க்கு 1 முதல் 4 வரை.

இந்த எண்ணை ஜாதகமாகக் கொள்ளலாகாது. இன்னார் இறப்பார் என்று அது சொல்வதில்லை. எவரை முதலிற் கவனிக்க வேண்டும் என்றே சொல்கிறது. தணிக்கைக் குறிப்பைப் போன்றது அது. குறிப்பெழுதுவதனால் மட்டும் கணக்கு நேராவதில்லை. தீர்மானிக்க வேண்டியவர்கள் தீர்மானித்தாக வேண்டும்.

பம்மலில் வசித்துக் குன்றத்தூர்ப் பக்கம் தறி நெய்யும் அங்கத்தினர் ஒருவருக்கு இவ்வாறு சோதனை நடந்தது. மூச்சு 28, பிராணவாயு 91. அன்றே படுக்கையிற் சேர வேண்டும் என்றார் செவிலியர். “நடந்துதானே வந்தேன், அம்மா! தறியிலே பாவு நிற்கிறது” என்றாராம் நெசவாளர். செவிலியர் கோபிக்கவில்லை, கைப்பேசித் திரையை அவர் பக்கம் திருப்பி, ஒவ்வோர் எண்ணும் எதைக் குறிக்கிறது, சேர்ந்தால் என்ன செய்வார்கள், சேராவிட்டால் என்ன நேரலாம் என்று விளக்கினார். உடம்பு தம்முடையது என்பதால் விவரம் அறியும் உரிமையும் தமக்கே என்பதை அவர் அன்றுதான் உணர்ந்ததாகப் பின்னர் நம்மிடம் கூறினார்.

ஆயினும் அவர் நேரே மருத்துவமனைக்குச் செல்லவில்லை, சங்கத்துக்கு வந்தார். நாம் அன்று அங்கே தணிக்கையில் இருந்தோம். பாவு முடியாமல் கூலி இல்லை. கடன் தவணையோ நான்கு நாளில். விதிப்படி அவகாசம் கொடுக்கக் குழு கூட வேண்டும் என்றார் காரியதரிசி. விதி சரியே. ஆனால் முந்தின ஆண்டு இதே சங்கத்தில் ஒருவர், “பாவை அறுத்துவிட்டுப் போகிறேன்” என்று சொல்லி, போகாமலே மாண்டார். அவருடைய பேரேட்டுப் பக்கத்தை நாமே முடித்தெழுதியிருந்தோம். அதை எடுத்து மேஜைமீது விரித்தோம். அன்று மாலையே குழு கூடியது. மீதிப் பாவைப் பக்கத்துத் தறிக்காரர் நெய்வது, நெய்த அளவுக்குக் கூலியை இவர் மனைவியிடம் தருவது, தவணையை ஒத்திவைப்பது என்று தீர்மானமாயிற்று. மறுநாட் காலை அவர் படுக்கையிற் சேர்ந்தார். இன்று மீண்டும் தறியில் அமர்ந்திருக்கிறார்.

செயலி அபாயத்தைக் காட்டியது, செவிலியர் விளக்கினார், ஆனால் சம்மதிக்கும் வசதியை அவருக்கு அளிக்க வேண்டியிருந்தது சங்கம். அதில் ஒரு பகல் வீணாயிற்று என்பதை நாம் மறைக்கலாகாது.

ஆகவே ஒவ்வொரு சங்கமும் அடுத்த கூட்டத்திலேயே, மருத்துவமனையிற் சேரும் அங்கத்தினரின் தறியையும் பயிரையும் பராமரிக்கவும், தவணைக்கு அவகாசமளிக்கவும் முன்கூட்டியே ஒரு தீர்மானம் இயற்றி வைப்பது நலம். சிகிச்சைக் காலத்தில் உணவுக்காக மத்திய அரசு தரும் தொகை 2024 நவம்பர் முதல் மாதம் 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டதையும் அங்கத்தினர்க்கு எடுத்துரைக்க வேண்டும். நோயாளியின் பெயரை அவர் இசைவின்றி வெளியிடுதல் கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமலுள்ளவர்களோ இன்றே சோதனைக்குச் செல்லவும், பாவு காத்திருக்கும்.