போருக்குப் பிறந்து பள்ளியான கப்பல்

இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில், ஹார்ட்டில்பூல் துறைமுகத்தில், மூன்று பாய்மரங்களுடன் ஒரு பழைய போர்க்கப்பல் நிற்கிறது. அதன் பெயர் 'டிரிங்கோமலீ'. நம் நாவில், திருகோணமலை. அத்துறைமுகத்தின் பொருட்டு 1782-ஆம் ஆண்டில் பிரிட்டனும் பிரான்ஸும் நடத்திய கடற்போரின் நினைவாக இடப்பட்ட பெயர் அது. ஐரோப்பாவில் இன்றும் நீரில் மிதக்கும் போர்க்கப்பல்களில் இதுவே மிகப் பழையது. நெல்சனின் 'விக்டரி' இதற்கு மூத்தது என்றாலும், அது உலர்துறையில் நிறுத்தப்பட்டுள்ளது. பெரும்போர் எதிலும் வென்றிராத ஒரு கப்பல் இருநூறு ஆண்டுகளைக் கடந்தது எப்படி?

நெப்போலியப் போர்க்காலத்தில் பிரிட்டனில் ஓக் மரத்துக்குத் தட்டுப்பாடு நிலவியது. கடற்படையின் பார்வை மும்பையின் மீது திரும்பியது. மலபார்த் தேக்கு எளிதில் உளுக்காது. ஓக்கைப் போல இரும்பு ஆணிகளை அரிக்கவும் செய்யாது. வரைபடங்களை ஏற்றிவந்த 'ஜாவா' கப்பலை 1812-இல் அமெரிக்காவின் 'கான்ஸ்டிடியூஷன்' தாக்கி வீழ்த்தியதால், அவற்றை மீண்டும் அனுப்ப வேண்டியதாயிற்று. ஜம்சேத்ஜி பொமன்ஜி வாடியாவின் மேற்பார்வையில் பார்சித் தச்சர்கள் உருவாக்கிய இந்த 'ஃபிரிகேட்' வகைக் கப்பல், 1817 அக்டோபர் 12 அன்று நீரில் இறக்கப்பட்டது.

அதற்குள் போர் முடிந்துவிட்டது. 1819-இல் போர்ட்ஸ்மவுத்தை அடைந்த கப்பல், ஏறத்தாழ கால் நூற்றாண்டு பணியின்றிக் கிடந்தது. 1847 முதல் 1857 வரை மேற்கிந்தியத் தீவுகளிலும் பசிபிக்கிலும் ரோந்து சென்றது. அப்போது நீராவியின் காலம் வந்துவிட்டிருந்தது.

1860-களின் தொடக்கத்தில் அது கடற்படைச் சேமப் படையினருக்கான பயிற்சிக் கப்பலானது. வணிகக் கப்பல் மாலுமிகள் அதன் தளத்தில் பீரங்கிப் பயிற்சி பெற்றனர். சண்டர்லாந்து, ஹார்ட்டில்பூல், சவுத்தாம்ப்டன் என இடம் மாறினாலும் அது துறைமுகத்தை விட்டு அகலவில்லை. கடலோடிப் பயிற்சியளித்த பழைய ஃபிரிகேட்டுகளின் கதி வேறு. 1878 மார்ச்சில் 'யூரிடிஸ்' திடீர்ப் பனிப்புயலில் கவிழ்ந்தது. முந்நூறுக்கும் மேற்பட்டோரில் இருவரே பிழைத்தனர். 1880-இல் பெர்முடாவிலிருந்து புறப்பட்ட 'அடலாண்டா' சுவடின்றி மறைந்தது. பயிற்சி என்ற பெயரில் இளைஞர்கள் கொடுத்த விலை அது.

1897-இல் உடைப்புக்கு விற்கப்பட்டிருந்த டிரிங்கோமலீயை வீட்லி காப் என்ற செல்வந்தர் மீட்டார். புயலில் சிதைந்த தம் 'ஃபூட்ராயன்' கப்பலுக்கு மாற்றாக அதை வாங்கி, அப்பெயரையே சூட்டினார். 1986 வரை சிறுவர்களும் பின்னர் சிறுமியரும் அதில் தங்கிக் கடல்தொழில் கற்றனர். பின்னர் ஹார்ட்டில்பூலுக்குக் கொண்டுவரப்பட்டு, பத்தாண்டுக்கும் மேல் நீண்ட சீரமைப்பு 2001-இல் நிறைவடைந்தது. பழைய பெயரும் திரும்பியது.

தேக்கின் உறுதி மட்டுமே இதைக் காத்தது என்று நான் கருதவில்லை. உறுதியான தேக்குக் கப்பல்கள் பல உடைபட்டன. தலைமுறைதோறும் யாருக்கேனும் பயன்பட்டதால்தான், உடைப்போரின் கைக்கு இது எட்டவில்லை. பாரம்பரியச் சின்னங்களைப் பூட்டிவைத்துக் காக்க நினைக்கும் நமக்கு இதில் பாடம் உண்டு. மற்றொரு குறையும் உண்டு. கப்பலுக்குப் பெயர் தந்த ஊரை உலகம் அறியும்; வாடியாவின் பெயரும் பதிவாகியுள்ளது. மரம் இழைத்த தச்சர்களை நம் பாடநூல்கள்கூட நினைப்பதில்லை. அவர்களின் கைவேலை ஓர் அந்நியத் துறைமுகத்தில் இன்னும் மிதக்கிறது என்பதையேனும் நம் மாணவர்கள் அறிய வேண்டும்.