முன்பாரமும் பின்பாரமும்

பிரிட்டனில் ‘டிராக் டே’ என்று ஒரு வழக்கம் உண்டு. கட்டணம் செலுத்திய எவரும் தம் சொந்தக் காரைப் பந்தயத் தடத்துக்குக் கொண்டுபோய், எதிரே வண்டி வரும் என்ற கவலையோ வேக வரம்பு என்ற கட்டுப்பாடோ இல்லாமல், காலை முதல் மாலை வரை இடைவெளி விட்டு ஓட்டிப் பார்க்கலாம். அது பந்தயமல்ல, அதில் வெற்றியுமில்லை, தோல்வியுமில்லை, ஒரு சுற்றுக்கு எத்தனை விநாடி என்று கணக்கெடுப்பதைக்கூடப் பெரும்பாலான அமைப்பாளர்கள் அனுமதிப்பதில்லை, முன்னே போகிறவர் சைகை காட்டி வழிவிட்டாலொழியப் பின்னே வருகிறவர் முந்தக்கூடாது. இரண்டாம் உலக யுத்தம் முடிந்தபின் கேட்பாரற்றுக் கிடந்த ராணுவ விமான தளங்கள் சில அந்நாட்டில் பந்தயத் தடங்களாக மாறின. 1950-ல் உலக சாம்பியன் பட்டத்துக்கான முதல் ஃபார்முலா ஒன் பந்தயம் நடந்த சில்வர்ஸ்டோனும், நார்ஃபக் பிரதேசத்து ஸ்னெட்டர்டனும், வில்ட்ஷயரிலுள்ள காசில் கூமும் அவ்விதம் உருவானவையே. சென்னைக்கு வடக்கே சோழவரத்து விமானத் திடல் பல ஆண்டுகள் பந்தயக் களமாக விளங்கியதை அறிந்த நம் வாசகர்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றாது.

இந்த உல்லாசத்தில் புதிதாக இறங்குகிறவர், அன்றாடம் அலுவலகத்துக்கு ஓட்டும் காரிலேயே தடத்துக்குப் போய், அதிலேயே வீடு திரும்பிவிடுவார். ஆசை வளர வளரக் காரின் லட்சணமே மாறத் தொடங்குகிறது. பின் ஆசனங்கள் கழன்று, அவை இருந்த இடத்தில் இரும்புக் கூண்டு ஏறுகிறது. மழைச் சாலைக்கு உதவாத வழவழப்பான டயர்கள் வருகின்றன. மைல் கணக்கில் பிரயாணம் செய்தால் முதுகெலும்பைப் பதம் பார்க்கும் கடினமான ஸ்பிரிங்குகள் பொருத்தப்படுகின்றன. இத்தனைக்கும் மேலாக, தடத்தில் இயந்திரம் பழுதானாலோ, தடுப்புச் சுவரில் மோதி ஒரு சக்கரம் கோணிக்கொண்டாலோ, இருநூறு மைலுக்கு அப்பாலுள்ள வீட்டுக்கு எப்படிப் போய்ச் சேருவது என்ற கேள்வி ஒவ்வொரு வளைவிலும் மனத்தை அரிக்கிறது. சாதாரணக் கார் இன்ஷூரன்ஸ் பெரும்பாலும் தடத்தில் நேரும் சேதத்துக்குப் பொறுப்பேற்பதில்லை. ஆகவே அந்தக் காரைத் தட்டில் ஏற்றி வேறொரு வாகனத்தால் இழுத்துச் செல்ல டிரெய்லர் வாங்குகிறவர் உண்மையில் வாங்குவது, என்ன நேர்ந்தாலும் காரோடு வீடு திரும்பலாம் என்ற மன நிம்மதியைத்தான்.

ஆனால் வாங்கப் போகிறவர்களில் பலர் விஷயத்தைத் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். நீள அகலங்கள், வர்ணம், விலை ஆகியவற்றை ஆராய்ந்து ஒரு டிரெய்லரை முடிவுசெய்துவிட்டு, அதை இழுக்கப்போகும் வாகனத்தைப் பற்றிக் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். நியாயமான வரிசை அதற்கு நேர் எதிரானது. இழுக்கும் வாகனத்தின் கதவுச் சட்டத்திலோ, முன் மூடியின் அடியிலோ ஒட்டியிருக்கும் சிறு தகட்டில் எடைகள் நான்கு வரிகளாகப் பொறிக்கப்பட்டிருக்கும். முதல் வரி, ஆட்களும் சாமான்களும் ஏறிய நிலையில் அவ்வாகனம் கொள்ளத்தக்க அதிகபட்ச எடை. இரண்டாவது வரி, அவ்வாகனமும் அது இழுக்கும் டிரெய்லரும் சேர்ந்த மொத்த எடையின் எல்லை. மற்ற இரண்டும் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உரியவை. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் எவ்வளவு இழுக்கலாம் என்பது ஏறக்குறையத் தெரிந்துவிடும். வாகனத்தோடு வந்த கைப்புத்தகம் அதை உறுதிசெய்யும். இரண்டாம் வரியே இல்லாத கார் எதையும் இழுப்பதற்காக உண்டாக்கப்பட்டதல்ல என்று கொள்ளவேண்டும்.

மாஸ்டா எம்எக்ஸ்-5 என்ற சிறு காரின் முதல் தலைமுறை வண்டியைத் தடத்துக்கென்றே வைத்திருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். கார் ஏறக்குறைய 1,000 கிலோ. நான்கு சக்கரத் திறந்த டிரெய்லர் சுமார் 600 கிலோ. மாற்றுச் சக்கரங்கள், ஜாக்கி, பெட்ரோல் டப்பா, கருவிப் பெட்டி எல்லாம் சேர்ந்து ஒரு நூறு கிலோ. ஆக 1,700 கிலோ. நடுத்தரக் குடும்பக் கார்கள் பலவற்றின் இழுப்பு எல்லையோ 1,500 கிலோவை ஒட்டியே நின்றுவிடுகிறது. இவர் அலுமினியத்தாலான இலகுவான டிரெய்லரைத் தேடவேண்டும், அல்லது 3,500 கிலோ வரை இழுக்கவல்ல லாண்ட் ரோவர் டிஸ்கவரி போன்ற கனரக வாகனத்துக்கு மாறவேண்டும். ஆனால் அறுநூறு கிலோவைக்கூட எட்டாத கேட்டர்ஹாம் செவன் காரை வைத்திருப்பவருக்கு, இரண்டு சக்கரச் சிறு டிரெய்லரும் வீட்டில் நிற்கும் சாதாரணக் காருமே தாராளமாகப் போதும். இழுக்கப்படும் மொத்த எடை, இழுக்கும் வாகனத்தின் வெற்று எடையில் 85 சதவீதத்தைத் தாண்டாமல் இருப்பது அனுபவமில்லாதவர்களுக்கு நல்லது என்பது, அந்நாட்டில் ‘காரவான்’ என்ற வீட்டு வண்டிகளை இழுத்துச் செல்வோர் நெடுங்காலமாகக் கையாண்டு வரும் அறிவுரை. அது சட்டமல்ல என்றாலும் சட்டத்தைப்போல் மதிக்கத் தக்கது.

சட்டம் முன்னைவிட இப்போது இளகியிருக்கிறது. 1997 ஜனவரி முதல் தேதியிலிருந்து லைசென்ஸ் பெற்றவர்கள் கனமான டிரெய்லரை இழுக்கத் தனிப் பரீட்சையில் தேறவேண்டியிருந்தது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் ஆகிய பகுதிகளில் 2021 டிசம்பர் 16 முதல் அந்த நிபந்தனை நீக்கப்பட்டு, 3,500 கிலோ வரை கார் லைசென்ஸ் உள்ள எவரும் இழுக்கலாம் என்று ஆயிற்று. எனினும் வேக வரம்பு தனியானது: மற்றக் கார்கள் மணிக்கு 70 மைல் செல்லும் மோட்டார்வேயில் டிரெய்லர் இழுப்பவர் 60 மைலைத் தாண்டக்கூடாது, நடுத் தடுப்பில்லாத சாலையில் 50, மூன்று வரிசையுள்ள மோட்டார்வேயில் கடைசி வலப்புற வரிசை அவருக்கு அனுமதிக்கப்பட்டதல்ல. டிரெய்லரின் அகலம் 2.55 மீட்டருக்குள்ளும், தட்டின் நீளம் 7 மீட்டருக்குள்ளும் அடங்கவேண்டும். 750 கிலோவுக்கு மேற்பட்ட டிரெய்லருக்கு பிரேக் கட்டாயம். அந்த பிரேக் இயங்கும் விதமும் அழகானது: முன்வாகனம் வேகம் குறைக்கும்போது டிரெய்லர் தன் பாரத்தால் முன்னோக்கி முட்டுகிறது, அந்த முட்டுதலே நுகத்திலுள்ள தண்டை உள்ளே தள்ள, தண்டு கம்பிகளை இழுக்க, கம்பிகள் சக்கரத்து பிரேக்கை அழுத்துகின்றன. தள்ளுகிறவனின் பலமே அவனை நிறுத்துகிறது.

எடைக்கு அடுத்தது சமநிலை. நம் ஊர் வண்டிக்காரர் மூட்டை ஏற்றும்போது முன்பாரம், பின்பாரம் என்று சொல்லிச் சொல்லிச் சரிபார்ப்பாரே, அந்த அறிவுதான் டிரெய்லருக்கும் வேண்டியது. பின்பாரமானால் மாட்டின் கழுத்திலிருந்து நுகம் மேலே தூக்குவதுபோல, டிரெய்லரின் மூக்கு, அதாவது அது முன்வாகனத்தோடு மாட்டும் முனை, முன்வாகனத்தின் பின்புறத்தைத் தூக்கி, அதன் பின் சக்கரங்களின் பிடிப்பைக் குறைத்துவிடும்; அந்த நிலையில் பக்கக் காற்று ஒன்று வீசினாலும், பெரிய லாரி ஒன்று உரசிக்கொண்டு போனாலும், டிரெய்லர் பாம்புபோல் இடமும் வலமும் நெளிய ஆரம்பிக்கும். நெளிய ஆரம்பித்துவிட்டால் அவசரப்பட்டு பிரேக்கை மிதிப்பதும், வேகத்தைக் கூட்டி இழுத்துச் சமாளிக்க முயல்வதும், ஸ்டியரிங்கை எதிர்த்திசையில் வெட்டுவதும் ஆபத்தையே வளர்க்கும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, வேகம் தானே தணியக் காத்திருப்பதே பரிகாரம். வராமல் தடுக்கும் வழியோ எளிது. டிரெய்லரின் மொத்த எடையில் 5 முதல் 7 சதவீதம் மூக்கின்மேல் அமரவேண்டும். மேலே சொன்ன 1,700 கிலோவுக்கு அது 85 முதல் 119 கிலோ. குளியலறையில் ஆள் எடை பார்க்கும் தராசை மூக்கின் கீழ் வைத்து, இடையே தக்க உயரத்துக்கு ஒரு மரத்துண்டை முட்டுக்கொடுத்தால், இதை வீட்டு வாசலிலேயே அளந்துவிடலாம். முன்வாகனத்தின் பின்னே டிரெய்லரை மாட்டும் எஃகு உருண்டை தாங்கக்கூடிய எடைக்கும் ஓர் எல்லை உண்டாதலால், முன்பாரம் அதை மீறாமலும் பார்த்துக்கொள்ளவேண்டும்.

இந்தக் காரணத்தால்தான், கார் தட்டின்மேல் முன்னும் பின்னும் நகர இடமுள்ள நீளமான தட்டு விரும்பத்தக்கதாகிறது. முன்புறம் இயந்திரமுள்ள காரை நேராக ஏற்றினால் பாரம் தானே மூக்கை நோக்கிச் சாயும். லோட்டஸ் எலிஸ் போல ஆசனத்துக்குப் பின்னால் இயந்திரமுள்ளதானால், இன்னும் சற்று முன்தள்ளி நிறுத்தவேண்டும், அல்லது பின்புறமாக ஏற்றவேண்டும். ஒருமுறை சரியான இடத்தைக் கண்டுவிட்டால் அங்கே சக்கரத் தடுப்பைப் பொருத்திவிடுவது புத்திசாலித்தனம். மாலையில் களைத்துப்போன நேரத்தில் மறுபடி அளந்துகொண்டிருக்க வேண்டியதில்லை. நான்கு சக்கர டிரெய்லர் நேராக ஓடுவதில் உறுதியானது. ஒரு டயர் வெடித்தாலும் மற்றது தாங்கிக்கொள்ளும். இரண்டு சக்கர டிரெய்லர் இலகுவானது; வீட்டு முற்றத்தில் ஒரே ஆளாகத் தள்ளித் திருப்பலாம். இலகுவான காருக்குப் பின்னதும், மற்றவற்றுக்கு முன்னதும் பொருத்தம்.

திறந்ததா, மூடியதா என்ற விவாதத்தில் மனிதரின் பெருமிதமும் கலந்துகொள்கிறது. நான்கு புறமும் அடைத்த பெட்டி டிரெய்லர் மழையிலிருந்தும் கண்ணேறிலிருந்தும் திருடர்களிடமிருந்தும் காரைக் காக்கும்; தடத்தில் மழை பெய்தால் ஒதுங்க இடமாகும்; டயர்களையும் கருவிகளையும் அதிலேயே வைத்துப் பூட்டலாம். ஆனால் ஆயிரம் கிலோவுக்கு மேல் எடையுள்ள பெட்டிகளே அதிகம். இழுப்பு எல்லையின் பெரும் பகுதியைக் காரை ஏற்றுமுன்பே அது தின்றுவிடுகிறது. அகன்ற அதன் பக்கங்கள் காற்றுக்குப் பாய்மரமாகி எரிபொருளையும் உறிஞ்சுகின்றன. விலையுயர்ந்த பழங்காரை வைத்திருப்பவருக்கு அது நியாயமான செலவு. தடத்தில் அடிபட்டுத் தழும்பேறிய காருக்குத் திறந்த தட்டே போதும்.

கடையில் நின்று பார்க்கும்போது தோன்றாமல், முதல் நாள் காரை ஏற்றும்போது முகத்தில் அறையும் சங்கடங்கள் இரண்டு. தடக் கார்கள் தரையை ஒட்டித் தாழ்ந்தவை. ஏறுபலகை குட்டையாகவும் செங்குத்தாகவும் இருந்தால், சக்கரம் ஏறுவதற்கு முன்பே முன்முனை பலகையில் உரசும், ஏறிய பிறகு நடுவயிறு தட்டின் விளிம்பில் இடிக்கும். நீளமான பலகையோ, பின்புறம் தானே சாய்ந்து தரையைத் தொடும் தட்டோ இதற்குத் தீர்வு. மற்றொன்று கதவு. காரை ஓட்டி ஏற்றியவர் இறங்கப் பார்க்கையில், டிரெய்லரின் மட்கார்டு கதவைத் திறக்கவிடாமல் தடுக்கும். ஜன்னல் வழியே நெளிந்து வெளிவரும் கனவான்களைத் தடங்களின் நிறுத்துமிடத்தில் பார்க்கலாம். கதவின் கீழ்விளிம்புக்குத் தாழ்ந்த மட்கார்டோ, கழற்றி மடக்கக்கூடிய மட்கார்டோ உண்டா என்று, சொந்தக் காரையே கொண்டுபோய் ஏற்றிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுப்பது உத்தமம்.

காரைக் கட்டுவதற்கு, டயரைச் சுற்றி இறுக்கும் பட்டைகளே பெரும்பாலோர்க்குச் சௌகரியம். சக்கரம் தட்டோடு பிணைந்திருக்க, ஸ்பிரிங்கின்மேல் உடல் தன்னிச்சையாக அசைந்துகொடுக்கும். புறப்பட்டுச் சில மைல் போனதும் நிறுத்தி, பட்டைகள் தளர்ந்திருக்கின்றனவா என்று ஒருமுறை இழுத்துப் பார்க்கவேண்டும். திரும்பும்போது வேறொரு ஜாக்கிரதை தேவை: தடத்தில் ஓடிக் கொதித்த பிரேக்கின்மேல் உடனே கைபிரேக்கைப் போட்டால் அது ஒட்டிக்கொள்ளக்கூடும், கட்டைகளை முட்டுக்கொடுத்து, கியரில் விட்டுக் கட்டுவதே நலம்.

பழைய டிரெய்லர் வாங்குகிறவர் ஒன்றை மறக்கக்கூடாது. மூன்றாண்டு ஆன கார்களில் பெரும்பாலானவை அந்நாட்டில் ஆண்டுதோறும் எம்ஓடி என்ற தகுதிப் பரீட்சைக்கு உட்படவேண்டும். 3,500 கிலோவுக்கு உட்பட்ட டிரெய்லருக்கு அப்படியொரு பரீட்சையே இல்லை. வாங்குகிறவரின் கண்தான் அதற்குப் பரீட்சகர். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் பொறித்திருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது என்று பொருள். டிரெய்லர் டயர் ஓடித் தேய்வதைவிட நின்று நின்று வெயிலில் வெடிப்பதே அதிகமாதலால், பள்ளம் ஆழமாக இருப்பதைக் கண்டு மயங்காமல் வயதைப் பார்க்கவேண்டும். ஒவ்வொரு சக்கரத்தையும் ஜாக்கியில் தூக்கிச் சுற்றி, பேரிங் இரைகிறதா, குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பால் பிரேக் இறுகிவிட்டதா என்று பார்க்கவேண்டும். டிரெய்லர் கழன்றுவிட்டால் பிரேக்கைத் தானே பிடிக்கச்செய்யும் மெல்லிய கம்பி நைந்திருந்தால், மற்றவை எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் விற்பவரின் சிரத்தை விளங்கிவிடும்.

இத்தனையும் சரிபார்த்த பின்னும், ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டும் தடத்துக்குப் போகிறவருக்கு வாடகை டிரெய்லரே போதும். எஞ்சிய நாட்களில் அதை எங்கே நிறுத்துவது, யார் காவல் காப்பது என்ற கவலை அவருக்கு இல்லை. வாங்கியே தீரவேண்டியவரும் முதலில் ஒன்றை வாடகைக்கு எடுத்து, தம் காரை ஏற்றி, தம் வாகனத்தால் இழுத்து, தம் வீட்டு வாசலில் பின்னோக்கி நிறுத்திப் பார்த்துவிடட்டும். என்றைக்காவது பெரிய கார் வாங்கக்கூடும் என்ற யோசனையில் இன்றைக்கே பெரிய டிரெய்லரை வாங்குகிறவர், அதுவரை ஒவ்வொரு பிரயாணத்திலும் வெற்று இரும்பை இழுப்பதற்கு எரிபொருளும் எல்லையும் செலவழிக்கிறார். இன்று கையிலிருக்கும் காரையும் அதன் சாமான்களையும் சற்றே மிச்சம் வைத்துச் சுமக்கக்கூடிய டிரெய்லர்களுள், எடையில் எது குறைந்ததோ அதுவே சரியான தேர்வு.