பத்தில் ஒரு பங்கு வேகம்

மெனு மூடும்போது கடைசியில் ஒரு மின்னல். அதுவும் எப்போதாவதுதான் வரும். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃபிரேம் சுமார் 16.7 மில்லிசெகண்ட், கண்ணால் பிடிக்கிற காரியமா அது?

குரோம் டெவ்டூல்ஸில் 'அனிமேஷன்ஸ்' பேனலைத் திறந்து வேகத்தை 10% ஆக்கினேன். 300 மில்லிசெகண்ட் அனிமேஷன் 3 செகண்ட் ஓடணும். ஓடலை! பத்தில் ஒரு பங்கு நகர்ந்ததுமே மெனு மாயம். இந்தப் பேனல் சிஎஸ்எஸ் அனிமேஷனை மெதுவாக்கும். செட்டைம்அவுட் தன்பாட்டுக்கு ஓடும். ஆக, மெனுவை மறைத்தது யாரோ (சரி, நான்தான்) எழுதி வைத்த 300 மில்லிசெகண்ட் டைமர். அது கொஞ்சம் பிந்தினால், அனிமேஷன் முடிந்த மெனு பழைய இடத்துக்கே திரும்பி ஒரு ஃபிரேம் தலைகாட்டிவிடும்.

டைமரைத் தூக்கிவிட்டு 'அனிமேஷன்எண்ட்' வந்ததும் மறைக்கச் சொன்னேன். கூடவே ஃபில்மோடை 'ஃபார்வர்ட்ஸ்' ஆக்கினேன். இப்போது 10%இல் முழு 3 செகண்டும் ஓடுகிறது.